கோழிகளோடு காட்டு மயில் வந்து மேய்கிறது, வான்கோழிகள் சாகின்றன. மயிலால்தானா?

கொறங்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் தாராபுரம் பக்கம் தோட்டம். சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி 3 ஏக்கர் தென்னையும் முருங்கையும், அதைத் தாண்டினால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி. நாட்டுக்கோழி 40 இருக்கும், கின்னிக்கோழி 10, போன தைக்குச் சந்தையில் குஞ்சாக வாங்கி வந்த வான்கோழி 8. எல்லாம் அவிழ்த்துவிட்டு மேய்கிறவைதான். காலையில் கதவைத் திறந்ததும் களத்தில் கொஞ்சம் கம்பும் உடைத்த மக்காச்சோளமும் இறைப்போம், பொழுது சாயும்போது இன்னொரு தடவை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டை மயில் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு ஆணும் ஆறு பெட்டையும் வருகின்றன. தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டால் எங்கள் கோழிகளுக்கு முன்னால் மயில்தான் களத்தில் நிற்கும். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள், சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்று வாரமாக வான்கோழிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. முதலில் தீனியைக் குறைக்கிறது, அப்புறம் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஒரு மூலையில் நிற்கிறது, எச்சம் தண்ணீராக, பளிச்சென்ற கந்தக மஞ்சளில். நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. இதுவரை நாலு போய்விட்டது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, கின்னியும் நன்றாகவே ஓடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டு, மயில் எச்சத்தில் இருந்துதான் வருகிறது, மயிலை விட்டதுதான் தப்பு என்கிறார். உண்மையா?

இன்னொரு விஷயம். கிணற்றுமேட்டு வேலிக்குள் ஒரு மயில் 5 முட்டை இட்டு உட்கார்ந்திருக்கிறது. நாய்த் தொல்லை அதிகம். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா), அந்த முட்டையை எடுத்து அடைக்கோழிக்கு வைத்துவிடு, கோழிக்குஞ்சோடு குஞ்சாக வளர்ந்துவிடும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடைக்கோழி ஒன்று தயாராகவும் இருக்கிறது. வைக்கலாமா?

செவலைச்சேவல் எழுதியது:

முதலில் அந்த மயில்களை விரட்டுங்கள் அண்ணா, மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். எனக்கு ஒரு ஏக்கர் நிலக்கடலை, விதைத்த நாலாம் நாளே கால் ஏக்கரைக் கிளறிவிட்டுப் போய்விட்டன. தக்காளி என்றால் பழுத்ததாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து, முழுசாகத் தின்றாலும் பரவாயில்லை. முருகன் வாகனம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தால் கடன் யார் கட்டுவது? வான்கோழிச் சாவுக்கும் மயில்தான் காரணமாக இருக்கும், வேறு என்ன புதிதாக வந்திருக்கிறது உங்கள் தோட்டத்தில்? முட்டையை எடுத்தால் எடுத்ததுதான், உங்கள் வேலிக்குள் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது.

பெரியடாக்டர் எழுதியது:

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. "கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் முதலில் காலியாகியிருப்பது உங்கள் 40 கோழிகள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒரே வாரத்தில் பட்டியே வெறுமையாகியிருக்கும். ரத்தக்கழிச்சல் என்றால் சின்னக் குஞ்சுகள் போயிருக்கும். கோழிகள் எல்லாம் நலமாக இருந்துகொண்டு, அதே களத்தில் மேயும் வான்கோழி மட்டும் கந்தக மஞ்சளில் கழிந்து சாகிறது என்றால் என் சந்தேகம் கருந்தலை நோய் மேல்தான் போகும். பெயரைக் கேட்டுவிட்டுத் தலை கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பல பறவைகளில் கறுக்கவே கறுக்காது. யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

இதைக் கொண்டுவருவது ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அது தனியாக வெளியில் விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் கோழியின் குடல்வாலில் ஹெட்டெராகிஸ் என்று ஒரு சின்ன வெள்ளைப் புழு இருக்கிறது, அவிழ்த்துவிட்டு மேயும் நாட்டுக்கோழியில் இது சர்வசாதாரணம். அந்தப் புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. புழுமுட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மண்புழு அதைத் தின்று தனக்குள் வைத்துக்கொள்ளும். கோடை மழை ஒன்று பெய்து குப்பைமேட்டில் மண்புழு மேலே வந்ததும் வான்கோழி போய்க் கிளறித் தின்னும். உங்களுக்கு மழை பெய்து இரண்டு வாரத்தில் ஆரம்பித்ததா என்று யோசித்துப் பாருங்கள். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

இதே கிருமி கோழிக்குள்ளும் போகிறது, ஆனால் கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாங்கிக்கொண்டு, எச்சத்தில் பரப்பிக்கொண்டே இருக்கும். வான்கோழிக்குத் தாங்கும் சக்தி இல்லை, ஒரு பட்டியில் நுழைந்தால் பத்தில் எட்டு ஒன்பதுகூடப் போகும். மயிலும் இந்த விஷயத்தில் வான்கோழி பக்கம்தான், அதிலும் மயில் குஞ்சு ரொம்ப மோசம். ஆகவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். மயிலிடமிருந்து உங்கள் பட்டிக்கு வந்திருப்பதைவிட, உங்கள் பட்டியிலிருந்து மயிலுக்குப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் தகரம் தட்டிக் கூப்பிட்டு, கோழி எச்சம் கிடக்கும் களத்தில் தீனி வைக்கிறீர்கள்.

இதெல்லாம் நான் இங்கே உட்கார்ந்து சொல்வது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அடுத்து சாவதையாவது புதைக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளியே ஐஸ் கட்டி வைத்து, அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ எடுத்துப் போங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், திசு கெட்டுப்போகும். அறுத்துப் பார்த்தால் கல்லீரலில் நாலணா அளவில் வட்ட வட்டமாகக் குழிந்த புள்ளிகளும், குடல்வால் வீங்கி உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி அடைத்துக்கொண்டிருப்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்துக்கடையில் நீங்களாகப் போய் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றாதீர்கள். இந்த நோய்க்கு மருந்து கதை சோகமான கதை. அமெரிக்காவில் கடைசியாக மிச்சமிருந்த நைட்டார்சோன் என்ற மருந்தில் ஆர்சனிக் இருந்தது, 2015 முடிவோடு அதையும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெட்ரோனிடசோல் வேலை செய்யும், ஆனால் இறைச்சிக்கு வளர்க்கும் பறவைக்கு அது கூடாது. பார்த்துவிட்டு மருத்துவர் எழுதினால் மட்டும். நீங்கள் உடனே செய்யக்கூடியது, மிச்சமிருக்கும் நாலு வான்கோழியைக் கோழி மேயாத இடத்துக்கு மாற்றுவதும், மருத்துவரைக் கேட்டு அளவு போட்டுக் கோழிகளுக்குக் குடற்புழு நீக்குவதும்.

முட்டை பற்றி. கையை வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குள் காட்டுப்பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடக்கம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே குறைந்தது 25,000 ரூபாய். உங்கள் வேலியா புறம்போக்கா என்று சட்டம் பார்க்காது. செவலைச்சேவல் தம்பி, இதை எழுதும்போது உங்கள் கடலைக்காட்டை நான் மறந்துவிடவில்லை. சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்கள், விஷம் மட்டும் வேண்டாம். மயிலோடு நாயும் போகும், கேஸும் வரும்.

கொறங்காட்டான் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. மழை விஷயம் சரியாகச் சொன்னீர்கள். இரண்டு நல்ல மழை பெய்து பன்னிரண்டு பதிமூன்று நாளில்தான் முதல் வான்கோழி சுணங்கியது. நாங்கள் மழையில் நனைந்ததால் சளி என்று நினைத்து மஞ்சளும் மிளகும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். குப்பைமேடுதான் அதுகளுக்குக் கோயில், காலையில் போனால் மத்தியானம்தான் திரும்பும்.

சில சந்தேகம். இந்த மண்ணில் இனி வான்கோழி வைக்கவே முடியாதா? சுண்ணாம்பு தூவினால் போகாதா? பிறகு, என் மச்சினன் வெளிநாட்டு வீடியோ ஒன்று காட்டினான், மயில், கோழி, வாத்து, கின்னி எல்லாம் ஒரே புல்வெளியில் சேர்ந்து மேய்கின்றன. அவர்களுக்கு மட்டும் எப்படி?

ஆஸ்டின்_அகவல் எழுதியது:

அந்த வீடியோக்காரர்களில் ஒருத்தி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், இப்போது டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வெளியே 5 ஏக்கரில் இருக்கிறோம். இங்கே மயில் வெளியிலிருந்து வந்த பறவை, காட்டுப்பறவையாகக் கணக்கில் இல்லை, ஊர் விதிகள் இடம் கொடுத்தால் கோழி மாதிரி வாங்கி வளர்க்கலாம். இப்போது என்னிடம் ஒரு ஆண், மூன்று பெட்டை, கூடவே இருபது கோழி, ஏழெட்டு கின்னி. இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம், வீடியோவில் தெரியாததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம் ஆறு மயில் குஞ்சு வாங்கினேன். நம் ஊர்ப் புத்தி, கோழிக்குஞ்சோடு குஞ்சாக வளரும் என்று ஒரே தரையில் விட்டேன். ஐந்தாவது வாரத்தில் ஆரம்பித்தது, பத்து நாளில் நாலு போய்விட்டது, கோழிக்குஞ்சில் ஒன்றுகூடச் சாகவில்லை. டாக்டர் ஐயா எழுதியதை அன்றைக்கு யாராவது எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால் அந்த நாலும் பிழைத்திருக்கும்.

இரண்டாம் முறை குஞ்சுகளை மூன்று மாதம் மண்ணில் கால் படவிடாமல் கம்பிவலைத் தரை போட்ட கூண்டில் வளர்த்தேன். எச்சம் கீழே விழுந்துவிடும், கோழி அந்தப் பக்கமே போகாது. தீனியும் வேறு. கோழிக்குஞ்சுத் தீனியில் புரதம் 20 சதவீதம் இருந்தால் அதிகம், மயில் குஞ்சுக்கு ஆரம்பத்தில் 28 வரை வேண்டும், இல்லாவிட்டால் கால் வளைந்து நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் எச்சம் சோதிக்கக் கொடுத்து எல்லாவற்றுக்கும் குடற்புழு மருந்து, முக்கியமாகக் கோழிக்கு. இப்போது பகலில் சேர்ந்து மேய்கின்றன, உண்மைதான். ஆனால் தீனித் தொட்டி தனி, தண்ணீர் தனி, ராத்திரி அடையும் இடம் தனி. வருடத்துக்கு ஒன்றாவது அப்படியும் சுணங்கும்.

அமுச்சியின் யோசனையில் இன்னொரு சிக்கல். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும், மயில் முட்டைக்கு 28 நாள். நாலாவது வாரம் உட்காராமல் எழுந்து போகிற கோழி நிறைய உண்டு. உட்கார்ந்து பொரித்துவிட்டாலும் மயில் குஞ்சுக்குப் பிறந்த சில நாளிலேயே இறக்கை முளைத்துவிடும், இரண்டு வாரத்தில் உயரத்தில் ஏறி அடையப் பார்க்கும், தாய்க்கோழியோ கீழே பஞ்சாரத்துக்குள் கொக்கரித்துக்கொண்டிருக்கும். ஒன்றரை இரண்டு மாதத்தில் கோழி கொத்தித் துரத்திவிடும். மயில் தாயோ குஞ்சை அதைவிட ரொம்ப நாள் கூட வைத்துக்கொள்ளும்.

கோழியோடு வளர்ந்த ஆண் மயில் தன்னைக் கோழி என்றே நினைத்துக்கொள்ளும். என்னிடம் இருக்கும் ஆண் பக்கத்தில் மூன்று பெட்டை மயில் நிற்க, கின்னிக்கோழியைப் பார்த்துத்தான் தோகை விரிக்கும். கின்னி திரும்பிக்கூடப் பார்க்காது. வியன்னாவில் ஷோன்ப்ரன் மிருகக்காட்சி சாலையில் ராட்சத ஆமைகளோடு வளர்ந்த ஒரு வெள்ளை மயில், வாழ்நாள் முழுக்க ஆமைக்கு மட்டுமே தோகை விரித்தது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் எழுதியிருக்கிறார். அதற்கு எங்கள் வீட்டு மயில் பரவாயில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

சேவல் இருந்தால் ஜாக்கிரதை. தோகை இருக்கும் மாதங்களில் ஆண் மயிலுக்கு யாரைப் பார்த்தாலும் போட்டியாளராகத்தான் தெரியும். சேவலைப் போலவே காலில் முள் இருக்கிறது, எடையோ சேவலைவிட அதிகம். என் கார் கதவில் தன் நிழலைப் பார்த்துச் சண்டை போட்டுப் பெயிண்ட் எல்லாம் போய்விட்டது. தோகை உதிர்ந்ததும் சாது.

செவலைச்சேவல் எழுதியது:

ஆக அமெரிக்காவில் நம் தேசியப் பறவையை வாங்கி வளர்க்கலாம், நம் வேலிக்குள் வந்து முட்டை இட்டதை நாம் தொடக் கூடாது. நல்ல நியாயம். வெள்ளை மயிலை இங்கேயே ஆன்லைனில் விற்கிறார்களே, அது மட்டும் பரவாயில்லையா?

பெரியடாக்டர் எழுதியது:

பரவாயில்லை என்று யார் சொன்னது? வெள்ளை மயில் தனி இனம் இல்லை, அதே நீல மயில்தான், நிறமி இல்லாமல் பிறந்தது. சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. விற்கிறவன் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவான், வாங்கியவன் வீட்டில்தான் பறவை இருக்கும். 1963இல் தேசியப் பறவை என்று அறிவித்தபோது இத்தனை மயில் நம் தோட்டங்களுக்குள் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது இந்தக் கேள்விக்கு வெளியே உள்ள சண்டை.

கொறங்காட்டான் தம்பிக்கு: சுண்ணாம்பு தூவினால் களம் வெள்ளையாகும், அவ்வளவுதான். புழுமுட்டையின் ஓடு கெட்டி. வெயிலில் மண் நன்றாகக் காய்வதுதான் ஓரளவு வேலை செய்யும். குப்பைமேட்டைச் சாளையிலிருந்து தள்ளி மாற்றி, வலை போட்டு அடையுங்கள். தண்ணீர் தேங்கும் இடம், தொட்டியடி ஈரம், இதெல்லாம் காயட்டும். வான்கோழி வேண்டுமென்றால் கோழி காலே வைக்காத தரை வேண்டும், அல்லது பரண் போட்டுத் தட்டிக்கு மேல் வளர்க்க வேண்டும். கோழியும் வேண்டும், வான்கோழியும் வேண்டும், இரண்டும் ஒரே களத்தில் மேய வேண்டும் என்றால் பாட்டுக்குள்தான் நடக்கும். அதிலும் வான்கோழிக்கு மரியாதை இல்லை.

கின்னிக்காரி எழுதியது:

நான் விராலிமலைக்குப் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் மயில் பார்க்க எங்கள் ஊருக்கு வருவார்கள், இப்போது எல்லோர் ஊரிலும் இருக்கிறது, எங்களுக்குத்தான் மவுசு போய்விட்டது.

விரட்டாமல் விலக்குவதற்கு நான் செய்ததைச் சொல்கிறேன். வெளியில் தீனி இறைப்பதை அடியோடு நிறுத்தினேன். பட்டிக்குள்ளேயே, திறந்துவிடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் தீனி, தின்று முடித்த பிறகுதான் கதவு. சாயங்காலமும் தீனியைக் காட்டி உள்ளே அழைத்து அடைத்த பிறகுதான் இறைப்பது. கதவு கோழி நுழையும் அளவுக்கு மட்டும் தாழ்வாக வைத்தேன், மயில் தலையைக் குனிந்து இருட்டுக்குள் நுழையாது. மேலே வலை கட்டாயம், இல்லாவிட்டால் பறந்து உள்ளே இறங்கிவிடும், வெளியே போகத் தெரியாமல் முட்டிக்கொண்டு அது வேறு வம்பு. முதல் ஒரு வாரம் வழக்கம்போல வந்து களத்தில் நின்று என்னையே பார்த்தன. பாவமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் பாதி வரவில்லை. ஒரு மாதத்தில் வயல்பக்கம் பார்த்துப் போய்விட்டன, எப்போதாவது குறுக்கே நடந்து போவதோடு சரி. பட்டாசு எல்லாம் வேண்டாம், கோழி முட்டையை நிறுத்திவிடும், மயில் மறுநாள் திரும்ப வரும்.

தகரம் தட்டுவதையும் நிறுத்துங்கள். அந்தச் சத்தம் அவற்றுக்கும் மனப்பாடம். நான் வாயால் கூப்பிடுகிறேன், அதையும் கற்றுக்கொண்டால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மயில் இருந்தால் பாம்பு வராது என்று நம்பி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னப் பாம்பைக் கொத்தித் தின்னும், உண்மை. ஆனால் காவலுக்கு என்றால் கின்னிக்கோழிக்குப் பக்கத்தில் எதுவும் வராது. கீரி, பாம்பு, புதுச் செருப்பு, எதைப் பார்த்தாலும் ஊரைக் கூட்டும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். காட்டுப்பறவை வந்து போகிற களத்தில் அது இன்னும் முக்கியம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. மாசி வாக்கில் கால்நடைத்துறை முகாம் போடுவார்கள், இலவசம்தான், நாம் கோழியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் பெரிய வேலை.

பெரியடாக்டர் எழுதியது:

நல்ல யோசனைகள் அம்மா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். களத்திலோ காட்டிலோ மயில் செத்துக் கிடந்தால், அதுவும் ஒன்றுக்கு மேல் கிடந்தால், தோகைக்கு ஆசைப்பட்டு யாரும் தொட வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் எடுத்து உடற்கூறு பார்ப்பார்கள். விஷமாக இருக்கலாம், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கோழிகளும் கூட்டமாகச் செத்தால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

கொறங்காட்டான் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஐயா சொன்னபடி ஐந்தாவதாகச் செத்த வான்கோழியை ஐஸ் கட்டி எடுத்துப் போனேன். அறுத்துக் காட்டினார்கள். கல்லீரலில் காசு வைத்து அழுத்திய மாதிரி வட்டம் வட்டமாக, மஞ்சளும் சாம்பலுமாக. குடல்வால் இரண்டும் என் விரல் தடிமனுக்கு, உள்ளே அடைப்பு. கருந்தலை நோய்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கோழியையும் கொண்டுவரச் சொன்னார்கள், நல்ல கொழுத்த பெட்டை, ஒரு குறையும் இல்லை, அதன் குடல்வாலைப் பிதுக்கினால் நூல் துண்டு மாதிரி வெள்ளைப் புழு நெளிகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டில் யாரும் கோழிக்கறி சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாப்பிட்டோம்.

கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று, குப்பைமேட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். தீனியை உள்ளே மாற்றிவிட்டேன். கின்னிக்காரி அக்கா சொன்ன மாதிரியே மயில் வந்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது, பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது காலையில் ஆண் மட்டும் வருகிறது, தென்னை மேல் உட்கார்ந்து அகவிவிட்டுப் போகிறது.

முட்டையைத் தொடவில்லை. நாயைக் கிணற்றுமேட்டுப் பக்கம் விடாமல் ராத்திரி கட்டிப் போட்டேன், அவ்வளவுதான் செய்தது. போன வாரம் எட்டிப் பார்த்தபோது கூட்டில் ஓடுதான் கிடந்தது, கீரியோ என்று பயந்துவிட்டேன். நேற்று அமுச்சி கொறங்காட்டில் ஆட்டுக்குப் போனபோது தாயோடு மூன்று குஞ்சு கொழுக்கட்டைப்புல்லுக்குள் போவதைப் பார்த்திருக்கிறார். அடைக்கோழிக்கு வைத்திருந்தால் ஐந்தும் பிழைத்திருக்கும் என்று இன்னமும் சொல்கிறார், நான் வாதம் செய்யவில்லை.

வான்கோழி மூன்று மிச்சம். அதை இங்கே வைத்துச் சாகடிக்க மனமில்லை, நாளைக்குக் காங்கேயத்தில் என் மாமா தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பெரியடாக்டர் எழுதியது:

மாமா வீட்டில் கோழி இருக்கிறதா?

கொறங்காட்டான் எழுதியது:

இருபது இருக்கும் ஐயா. சரி, நாளைக்குப் போகவில்லை. பரணுக்கு எத்தனை அடி உயரம் வைக்கலாம் என்று சொல்லுங்கள்.